சுவரில் எழுதிய எடை

முள் இன்றைக்கும் எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை.

அவள் பன்றிக்குட்டியை மார்போடு அணைத்தபடி எடைமேடையில் நின்றாள். குட்டி காது கிழிய வீறிட்டது.

துள்ளுகிற குட்டி மேடையில் தானாக நிற்காது. யாராவது தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். காட்டுகிற எடையில் தூக்கியவரின் எடையைக் கழித்தால் குட்டியின் எடை வந்துவிடும்.

தீவனத்தில் கலக்கும் புதுப் பொடி பண்ணைக்கு வந்த அன்று, அங்கே வேலை பார்க்கும் கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக ஏற்றி எடை பார்த்து, சாக்கட்டியால் சுவரில் எழுதி வைத்தார்கள். அதன்பிறகு எல்லாக் கழித்தலும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

பால் மறந்த குட்டிகளைக் கிடுகிடுவெனத் தேற்றும் என்று சொல்லித்தான் கம்பெனிக்காரர்கள் பொடியைக் கொடுத்தார்கள். இடப்பக்க அறைக் குட்டிகளுக்கு அவள் அதைத் தீவனத்தில் கலந்து வைத்தாள். வலப்பக்கம் வெறும் தீவனம், அது அவன் பொறுப்பு. யாருடைய குட்டி முந்துகிறது என்று வீட்டிலும் இதே பேச்சு.

வாராவாரம் அவன் குட்டிகள்தான் முந்தின. எல்லாம் கைராசி என்று மீசையை முறுக்கிக்கொள்வான். அவள் முகம் தொங்கிப் போகும். பொடி பிரயோஜனமில்லை என்றால் இடப்பக்க அறையைக் காலி செய்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அறை போனால் அவள் வேலையும் போய்விடும்.

அந்தக் கவலையில்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவன் நினைத்தான். தினமும் பாதிச் சாப்பாட்டை அவன் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். வீணாகப் போகிறதே என்று அவனும் வழித்துச் சாப்பிட்டுவிடுவான். அவள் வளையல் முழங்கை வரை ஏறியபோது, பன்றிகளோடு மல்லுக்கட்டினால் அப்படித்தான் என்று கேலிகூடச் செய்தான்.

இன்றைக்குக் கடைசி எடை. கால்நடை டாக்டரே வந்திருந்தார். முள்ளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். குட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். கொழுகொழுவென்று, கை வலிக்கிற கனம்.

பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குட்டிய உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடறேன். நீங்க மட்டும் ஏறி நில்லுங்கம்மா."

அவள் ஏறினாள். முள் சுவரில் இருந்த அவள் எண்ணுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது.

கணக்கு அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, என் புள்ளைங்க நல்லாத்தான் வளந்திருக்கு. எளைச்சது நான்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. எப்போதிலிருந்து பசியில்லை, வயிற்றில் வலி உண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடச் சொன்னார், தள்ளிப்போட வேண்டாம் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இனி அறையைக் காலி செய்ய மாட்டார்கள்தானே என்று கேட்டாள்.

குட்டி ஒரு வேளை தீவனத்தைத் தொடாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுபவன் அவன். பக்கத்தில் படுப்பவள் கரைந்துகொண்டே போனது அவன் கண்ணில் படவில்லை.

வலப்பக்க அறையின் கணக்கையும் சரிபார்த்துவிடலாம் என்று டாக்டர் அவனையும் ஏறச் சொன்னார்.

குட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறினான்.

முள் சுவரில் இருந்த அவன் எண்ணைத் தாண்டிப் போய் நின்றது.

இதுதான் உங்க கைராசியா என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் மேடையை விட்டு இறங்கவேயில்லை.