சுரந்த பால்

வெல்டரின் மனைவிக்கு மூன்று மாதமாக விலக்கு வரவில்லை. ரவிக்கை வேறு பாலில் நனைந்தது. இஸ்திரிக் கடையில் அவளோடு வேலை பார்ப்பவள் கேலி செய்தாள்.

"தினமும் தானே சமைச்சுத் தட்டுல போட்டுக் குடுக்கிற புருஷன். பலன் இல்லாம போகுமாக்கா?"

"கண்ணு வைக்காதேடி."

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெல்டர்தான் தயங்கித் தயங்கிப் பின்னால் நடந்தான்.

"என்ன மாமா, செலவை நெனைச்சு இப்பவே கவலையா?"

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கர்ப்பம் இல்லைம்மா. மனநோய்க்குக் குடுக்கிற சில மாத்திரைங்க, பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை ஏத்திவிடும். விலக்கும் நின்னுடும். அப்படி ஏதாவது சாப்பிடுறியா?"

"தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டேங்க. வேணும்னா இவரைக் கேளுங்க."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தாங்க பொடிச்சு சாப்பாட்டுல கலந்தேன். போன வருஷம் எங்க கைக்குழந்தை செத்துப்போச்சு. அது அழுறது காதுல கேக்குதுன்னு இவ ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருப்பா. மனநல டாக்டர் எழுதிக் குடுத்ததைத் தொடவே மாட்டேன்னுட்டா. எனக்கு வேற வழி தெரியலைங்க."

அவள் கத்துவாள் என்று டாக்டரம்மா காத்திருந்தார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அந்த அழுகை நின்னதுகூட அதனாலதானா மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "பாப்பா திரும்ப என் வயித்துக்கே வந்துட்டா, அதான் அழலைன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."