சுருக்கத்துக்குக் கீழே

எங்கள் பாம்புக்கடி ஆய்வுச் சங்கத்தின் இணைய இதழை அன்று பூட்ட மறந்தவன் நான்தான். கையில் வடை இருந்தது என்பது என் தரப்பு வாதம். சந்தா கட்டிய கண்களுக்கு மட்டுமே முழுக் கட்டுரையும் தெரியும். மற்றவர்களுக்கு முதல் பத்தியிலுள்ள சுருக்கத்தோடு பக்கம் வெளுத்துவிடும். உலகில் யார் படித்தாலும் எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு புள்ளி மின்னும். வழக்கமாக முப்பது புள்ளிகள் மின்னினால் அதிகம். அன்று சுவர் முழுக்க நட்சத்திரங்கள். நான் வடையை மறந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

தலைவர் பூங்கோதை மேடம் ஓடி வந்தார். "பூட்டுய்யா! சந்தா வரலேன்னா கிராமத்துல இலவச முகாம் எப்படிய்யா நடத்துறது?" என்றவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

பூட்டுப் பொத்தானில் விரலை வைத்தேன். போன் அடித்தது. ஏதோ மலைக்கிராமத்து நர்ஸ்.

"சார், ரெண்டே நிமிஷம் பூட்டாதீங்க. கடிபட்டவரு இங்க படுத்திருக்காரு. மருந்து அளவு கீழதான் போட்டிருக்கு."

"இத்தனை வருஷமா அது தெரியாம என்னம்மா பண்ணீங்க?"

"சுருக்கத்தைப் படிச்சுட்டு, மீதிய நாங்களா ஊகிச்சுக்கிட்டோம் சார்."