நாய்க்கென்று வாங்கிய எலும்பு

"நாய்க்கு எலும்பு கேட்டா இப்படியா வழிச்சுத் துடைச்சுத் தருவாய்? என்ட நாய் பல்லுக் குத்தவா கேட்டது?"

சீனிமுகம்மது போடியார் போட்ட சத்தத்தில் கல்முனைச் சந்தையில் பாதி திரும்பிப் பார்த்தது. இறைச்சிக்கடை இஹ்ஸான் கத்தியைக் கீழே வைத்தான். கடை பூட்டும் நேரம். பலகையில் மிஞ்சிக் கிடந்ததே ஒரு பை எலும்புதான்.

"போடியார், இப்ப சனம் சூப்புக்கெண்டு எலும்பையும் காசு குடுத்து வாங்குது. காவல் நாய்க்கெண்டபடியாத்தான் உங்களுக்குச் சும்மா தாறன். சும்மா தாறதிலயும் பேரமா?"

"வயல் காவல் வாடியில கிடக்கிற நாய்டா. சதையோட திண்டாத்தான் தெம்பாக் குலைக்கும். மெலிஞ்ச நாய் குலைச்சா யானை சிரிக்கும்!"

நின்றவர்கள் சிரித்தார்கள். இஹ்ஸானும் சிரித்துக்கொண்டே, சதை ஒட்டிய முழங்கால் எலும்பொன்றைத் தேடி எடுத்துப் பைக்குள் போட்டான்.

போடியார் நெஞ்சை நிமிர்த்தினார். நெல்மூட்டை தூக்கித் தொடங்கி, வாயாலேயே வியாபாரியான மனுசன். பேரத்தில் அவரை வெல்ல இன்னும் ஆளில்லை.

போன் அடித்தது. மனைவி றாஹிலா.

"எங்க நிக்கிறீங்க? பருப்பும் பூசணிக்காயும் அவிஞ்சு கரையுது. எலும்பு கிடைச்சுதா? மாப்பிள வாற நேரம்."

"ஓம் ஓம், நாய்க்கு எடுத்திட்டன்!"

"எந்த நாய்க்கு?"

போனை வெட்டினார்.

நாயும் இல்லை, வயலும் இல்லை. மகள் பஸ்மினாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தல்லவா மாப்பிள்ளை எடுத்தது? அந்தக் கல்லோடும் சீமெந்தோடும் வயல் போய்விட்டது. தரகரைப் பிடித்துச் சத்தமில்லாமல் வெளியூர் ஆளுக்கு விற்றது, றாஹிலாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பிறகு வியாபாரமும் படுத்தது. ஊர் மட்டும் இன்னும், பெரிய வயல்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, போடியார் என்றுதான் கூப்பிடுகிறது. வயலில் நிற்கிற காவல் குடிலுக்கும் இன்னும் சீனிப்போடியார் வாடி என்றுதான் பேர்.

இரவுக்கு வீட்டில் ஒரே சட்டிதான். பருப்பு, கரட், பூசணி, ஒரு பிடி அரிசி, தட்டிப்போட்ட மிளகு, எலும்பு. கொதிக்கக் கொதிக்க இறக்கி, பாண் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். "மாமி, இன்னும் ஒரு அகப்பை" என்று மருமகன் மிஹ்லார் கோப்பையை நீட்டும்போது போடியாருக்கு உயிர் வரும். எலும்பில்லாமல் ஒருநாள் அந்தச் சட்டியைத் திறந்தால், வீட்டு நிலைமை அவனுக்கு விளங்கிவிடும்.

"தம்பி, எலும்பு ஏதும் இரிக்கா?"

பக்கத்தில் ஒரு பெண். கறுப்பு ஹபாயா அங்கி வெளிறி, கரையில் வயற்சேறு காய்ந்திருந்தது.

"புள்ளைக்குக் காய்ச்சல் விட்டு நாக்கு செத்துப் போய்க் கிடக்கு. சூப்புக் கேட்டு அழுறான்."

"இருந்தது இதுதான் ராத்தா. போடியார்ட நாய்க்குக் குடுத்திட்டன்."

பக்கத்தில் நின்ற உரக்கடை இன்ஷாப் சும்மா இருக்கவில்லை. "மனிசப் புள்ளைக்கு இல்லாதது நாய்க்கோ, போடியார் காக்கா? அதுவும் எந்த நாய்? நான் நற்பிட்டிமுனை வயல் வட்டைக்கு அடிக்கடி போறவன். உங்கட வாடியில ஒரு நாயையும் நான் காணல்லயே!"

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்ணும் பையில் விழுந்தது.

போடியார் வாயைத் திறந்தார். 'என்ட வீட்டுச் சட்டிக்குத்தான்' என்றால் முடிந்தது. ஆனால் எத்தனை வருசம் இதே சந்தையில் எத்தனை பேரை வாயால் அடித்திருப்பார்! பலகையில் கிடந்த பையின் காதைப் பிடித்துக்கொண்டார்.

"நாய் இரிக்கி."

சொன்னது அந்தப் பெண்.

"நான் கண்டிரிக்கன். விடிய விடியக் கண் மூடாது. யானை வந்தா ஊரையே எழுப்பும். பாவம், குடுங்க தம்பி."

இன்ஷாப் தோளைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தான். போடியார் பையைப் பறித்துக்கொண்டு நடந்தார்.

எந்த நாயைக் கண்டாளோ! தப்பினோம் என்றிருந்தது, சந்தை வாசல் வரைக்கும். அங்கே கால் ஓடவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் எலும்பையல்லவா பொய் சொல்லிக் கொண்டு போகிறோம்? திரும்பிப் பார்த்தார். அவள் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தாள்.

"புள்ள, நில்லு." முழங்கால் எலும்பையும் இன்னும் கொஞ்சத்தையும் எடுத்து அவளிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இந்தா, கொண்டு போ. நாய்க்கு இந்த மிச்சமே காணும்."

அவள் முக்காட்டுத் தலைப்பை விரித்து வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் பையை எட்டிப் பார்த்தாள்.

"மிச்சம் உங்கட வீட்டில எல்லாருக்கும் காணுமா காக்கா?"

"வீட்டிலயா?" போடியாருக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன கதை கதைக்கிறாய்? வாடி நாய்க்கெண்டு சொன்னன்தானே! நீயும்தானே கண்டதெண்டாய்!"

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன போகத்தில இருந்து சீனிப்போடியார் வாடியில காவல் கிடக்கிறது, நானும் புள்ளட வாப்பாவும்தான் காக்கா."