வலப்பக்க வரிசை

தேவாலயத்துக்கு முன்னால் கார்கள் இரண்டு வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. இடப்பக்கம் இலவச உணவுப்பெட்டி வாங்க வந்தவர்கள். வலப்பக்கம் குளிர்காலக் கோட்டு தானம் கொடுக்க வந்தவர்கள்.

நான் இடப்பக்கம் போகத்தான் சிக்னல் போட்டேன்.

ஆரஞ்சு மேலுடுப்பு போட்டிருந்த பெண்மணி என் காரைப் பார்த்தாள். அதன் மூக்கில் இருந்த சின்னத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த கொடியை ஆட்டி என்னை வலப்பக்கம் திருப்பிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கறுப்பு நிறத்தில், இரண்டே கதவு வைத்த ஜெர்மன் சொகுசுக் கார். எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தேய்த்த வண்டி என்று அதன் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பெர்ட்டா, அதே விலைக்கு ஒரு பழைய மினிவேன் பார்த்து வைத்திருந்தாள். நான்தான் ஆலையில் கூடுதல் ஷிப்டு கிடைத்த மிதப்பில், வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி ஒன்றில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இலையுதிர்காலத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். காரை விற்கவும் பார்த்தேன். கியர்பெட்டி முனகுவதைக் கேட்டதும் வாங்க வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

வண்டியை நிறுத்தி, நாங்களும் பெட்டி வாங்கத்தான் வந்தோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்நேரம் பார்த்து இடப்பக்க வரிசையில், துருப்பிடித்த டிரக்குக்குள்ளிருந்து ஆர்லோ கையாட்டினான். ஆலையில் என் பக்கத்து இயந்திரத்தில் நின்றவன். அவன் கண்ணில் பொறாமை இல்லை, மரியாதை இருந்தது. நானும் பெரிய மனிதன் மாதிரி கையைத் தூக்கினேன்.

அப்புறம் என் வாய் திறக்கவில்லை.

மேசை போட்டிருந்த இடத்தில் இன்னொரு பெண்மணி ஜன்னலருகே குனிந்தாள்.

“கோட்டெல்லாம் எங்க கண்ணு, டிக்கியிலயா?”

டிக்கி காலி. பெட்டிக்காகத்தான் காலி செய்து கொண்டுவந்திருந்தோம். பின்னால் நின்ற கார் மெதுவாக ஒரு ஹாரன் அடித்தது.

பெர்ட்டா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இருக்கைப் பட்டையை அவிழ்த்து, தான் போட்டிருந்த பச்சைக் கோட்டைக் கழற்றி மடித்து, என் மடியைத் தாண்டி ஜன்னல் வழியே நீட்டினாள். கல்யாண வீட்டில் மொய் வைப்பவளைப் போல் சிரித்தாள்.

ஜாக்கெட் ஒன்று என் உடம்பிலும் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண்மணி கோட்டைத் தடவிப் பார்த்து உருகிப்போனாள். வரிக்கழிவுக்கு ரசீது வேண்டுமா என்று கேட்டாள். வரி கட்ட வருமானம் இருந்தால்தானே. வேண்டாம் என்றேன். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள்.

தேவாலயத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த டயர் கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பெட்டி இல்லாமல் திரும்ப முடியாது. நடந்து வருகிறவர்களுக்குப் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கொடுப்பார்கள். நான் போகிறேன் என்று இழுத்தேன்.

“நீ இரு, லீ. உன்னைத்தான் எல்லாரும் பாத்துட்டாங்களே.”

குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். கம்பளிச் சட்டையோடு இறங்கி, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பனியில் நடந்தாள். ஏரிக்காற்று அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. என் ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியபோது அவள் மூலை திரும்பிவிட்டாள்.

இருக்கை கதகதவென்று இருந்தது. அந்தக் காரில் இன்னும் பழுதாகாமல் இருந்த ஒரே சொகுசு, இருக்கையைச் சூடாக்கும் அந்தப் பொத்தான்தான். அணைத்தேன். அணைத்தால் அவள் குளிர் குறைந்துவிடுமா? இருந்தாலும் அணைத்தேன். என்னை நினைக்க எனக்கே கேவலமாக இருந்தது.

பனி வலுத்தது. துடைப்பானை ஓடவிட்டு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டில்லாத ஒருத்தியைத்தான் என் கண் தேடிக்கொண்டிருந்தது.

யாரோ ஒரு பெண் மூலை திரும்பி நேராகக் காரை நோக்கி வந்தாள். நீளமான கோட்டு, தலையை மூடிய கோட்டுத் தொப்பி, கையில் பெட்டி. தேவாலயத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். விஷயம் தெரிந்துவிட்டது, பெட்டியைக் கையோடு கொண்டுவந்து கொடுத்து நாலு வார்த்தை ஆறுதலும் சொல்லப்போகிறாள்.

நான் இருக்கையில் சரிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும்தான் நிமிர்ந்தேன்.

பெர்ட்டா. நான் பதுங்கியதை அவள் முழுக்கப் பார்த்திருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தன் பச்சைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டாள்.

“நடுங்குறேன்னு குடுத்தாங்க. யாரோ வசதியானவங்க குடுத்துட்டுப் போனாங்களாம். போட்டுப் பாத்தேன், எனக்கு அளவா இருந்துச்சு.”