மேஜைத் திருகை

"அக்கா போயி ஒரு மாசங்கூட ஆவல. அதுக்குள்ள வெள்ளைக்காரனுக்கு முட்டை அவிச்சுகினு கீறியே மாமா, வெக்கமா இல்ல?"

மைத்துனன் நாகேந்திரன் வாசற்படியிலேயே நின்று கேட்டான்.

ராஜசேகரன் தினமும் செய்வதைச் செய்துகொண்டிருந்தான். அடுப்பை மூட்டினான். உப்பில்லாத கஞ்சியைக் குடித்தான். மேஜையைத் துடைத்தான். பிறகு இரண்டு மரத் திருகைகளையும் துடைத்து மேஜைமேல் வைத்தான்.

கருமரம் மிளகுக்கு, வெளிர்மரம் உப்புக்கு. கைக்கு அடங்கும் இடுப்பு. தலையைத் திருகினால் அடியில் மாவாக உதிரும். உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது. உப்பு இலாகாவில் அவன் இன்ஸ்பெக்டரான வருஷம் மேலதிகாரியான துரை கொடுத்த பரிசு.

"உனுக்குக் கஞ்சியில உப்பு கெடையாது. அவனுக்கு மட்டும் திருகை நெறய உப்பா?"

"உள்ள வந்து உக்காரு."

"அந்தத் துரை போட்ட உத்தரவுலதான் கடற்கரையில தடியடி. என்கூட உப்பு அள்ள வந்த அக்கா, மண்டையில வாங்கிகினு வந்து படுத்துச்சு. நீ இன்னா பண்ணே? செத்தது காய்ச்சல்லன்னு எழுதிக் குடுத்தே. கேட்டா, வேலைய வுட்டுடாதீங்கன்னு வடிவு கடைசியா சொன்னாங்கறே. என் அக்காவா அப்டி சொல்லும்?"

"சொன்னா."

பூந்தமல்லி ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டது. நாகேந்திரன் காறித் துப்பிவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றான்.

துரை தொப்பியைக் கழற்றினார். இரண்டு வார்த்தை துக்கம் விசாரித்தார். உட்கார்ந்ததும் கை வெளிர்மரத் திருகைக்குப் போனது.

"நான் கொடுத்தது! நன்றாக வைத்திருக்கிறாய். ஈர உப்பைப் போட்டால் உள்ளே அரைக்கும் பல் கெட்டுவிடும்."

"வெயில்ல காயவெச்சுத்தான் போட்டேன், துரை."

முட்டைமேல் உப்பையும் மிளகையும் தாராளமாகத் திருகிக்கொண்டார். "இந்தக் காங்கிரஸ்காரர்கள் அள்ளும் உப்பை மனிதன் வாயில் வைப்பானா? எல்லாம் சேறு. அதற்குப் போய் அடி வாங்குகிறார்கள்."

சொல்லிக்கொண்டே மென்றவர் சட்டென்று நிறுத்தினார். பல்லில் ஏதோ நறநறத்தது.

"என்ன இது?"

ராஜசேகரன் கண் இமைக்கவில்லை. "மிளகு, துரை. சரியா அரையல போல."

துரை சிரித்தார். மிளகுத் திருகையின் தலையை இறுக்கி வைத்துவிட்டு, அடுத்த முட்டைக்கும் உப்பைத் திருகினார். தட்டில் சிந்தியதை ரொட்டியால் ஒற்றித் தின்றார். "பேஷ்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோட்டார் தெரு திரும்புமுன் நாகேந்திரன் வெளியே வந்தான். "போதும் மாமா. இனிமே இந்த ஊட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்."

ராஜசேகரன் வெளிர்மரத் திருகையின் தலையைக் கழற்றி, மிச்சமிருந்ததை அவன் உள்ளங்கையில் கொட்டினான். சாம்பல் நிறக் கல்லுப்பு. நடுவே மணல், ஒரு கிளிஞ்சல் துணுக்கு.

நாகேந்திரன் கிளிஞ்சலை விரலால் புரட்டிப் பார்த்தான். "இது... அன்னிக்கு அக்கா முந்தானையில முடிஞ்சிகினு வந்ததில்ல?"

"அதேதான். நான் ஒரு கல்லுகூடத் தொடல."

"அப்போ வேலைய வுட்டுடாதீங்கன்னு அக்கா சொன்னது?"

"உங்ககிட்டல்லாம் நான் சொன்னது பாதி." ராஜசேகரன் இலாகாத் தொப்பியை எடுத்து, துரை தின்று வைத்த எச்சில் தட்டில் கவிழ்த்தான். வடிவு கடைசியாகச் சொன்னதை முதல் தடவையாக முழுசாகச் சொன்னான்:

"இப்போ வேலைய வுட்டுடாதீங்க, நான் அள்ளியாந்த உப்பத் துரை தின்னப்பறமா வுடுங்க."