வெள்ளவத்தைக் காட்டுத்தீ

“இந்தக் கிழமைக்குள்ள அந்தப் பொம்பிளையை அந்த இடத்தில இருந்து எழுப்பியாக வேணும். இல்லையெண்டால் எல்லாரும் எரிஞ்சு சாகத்தான் வேணும்.”

கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலைக் கூட்டம். பேசியவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் கிருஷ்ணராஜ். இருபத்திரண்டு வருடம் மெல்பேர்னில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே காட்டுத்தீயை டீவியில் பார்த்தவர்; இங்கே அதற்குள் நடந்து வந்தவர் மாதிரிச் சொல்வார்.

‘அந்தப் பொம்பிளை’ பழனியம்மா. மாடிக்குப் பின்னால் ரயில் பாதை வரை கிடக்கும் வெறுங்காணியின் ஓரத்தில் கச்சான் கடலை வறுத்து விற்பவர். ஒன்பது வருடமாக அந்த மூலைதான் அவருக்குச் சோறு.

மூன்று மாதமாக மழை இல்லை. காணியில் புல் இடுப்பளவு காய்ந்து நின்றது. டெங்குப் பரிசோதகர் வருகிறார் என்றால் மாடியிலுள்ள சருகு குப்பை எல்லாம் மதிலுக்கு மேலால் அங்கேதான் போகும். அது கூட்டக் குறிப்பில் வராது.

செயலாளர் லுத்பியா டீச்சரின் மடியில் மாநகர சபைக்கு எழுதிய கடிதம். முப்பத்தொரு கையெழுத்து விழுந்துவிட்டது. அவருடையது மட்டும் மிச்சம்.

“என்ன டீச்சர் யோசிக்கிறீங்கள்?”

“ஒம்பது வருஷமா இருக்கிறா. ஒரு நாளும் ஒண்டும் நடக்கல்லயே.”

“உப்பிடித்தான் அங்கயும் சொன்னவை. வீட்டைச் சுத்திப் பத்து மீற்றருக்கு நெருப்பு அண்டவே கூடாது. இது சயன்ஸ். எங்கட சனத்துக்கு அது ஏறாது, அதுதான் பிரச்சினை.”

பக்கத்தில் அவருடைய மனைவி சுபாஷினி பெருமையோடு தலையாட்டினார்.

பழனியம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். கதிரை கொடுக்கவில்லை.

“அடுப்பச் சுத்தி மண்ணு போட்டுத்தாங்கய்யா வெச்சிருக்கேன். இந்த எடத்தையும் விட்டா நான் எங்கிட்டுப் போவேன்?”

“ஆதாரம் இருக்கு. சும்மா கதைக்கிற ஆள் இல்லை நான்.”

பழனியம்மாவைப் பிடிக்கவென்றே போன மாதம் காணி மூலைக் கம்பத்தில் கமரா பூட்டுவித்திருந்தார். கூட்டத்துக்கென்று கீழே இறக்கி வைத்திருந்த டீவியில் படம் வந்தது. வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஆறு பத்து. புல்லுக்குள் புகை. புகைக்கு நடுவில் குனிந்து நிற்கிற பழனியம்மா.

“இது போன வெள்ளி. இது முந்தின வெள்ளி. அடுப்புச் சாம்பலைச் சூட்டோட கொண்டுபோய்க் காணிக்குள்ள கொட்டுறா.”

கூட்டம் முணுமுணுத்தது. லுத்பியா பேனையைத் திறந்தார்.

“இது போட்டோதானே,” என்றார் மூன்றாம் மாடி ஸவாஹிர் ஹாஜியார். “வீடியோ இல்லயா?”

“இருக்கு. அதை இருந்து பார்க்க ஆருக்கு நேரம்?”

“எனக்கு இருக்கு. ரிட்டயர் ஆன மனுசன். கொஞ்சம் முன்னுக்கிருந்து போடுங்க டீச்சர்.”

லுத்பியா ஆறு மணியிலிருந்து ஓடவிட்டார்.

கமராவுக்குள் காணியோடு மாடியின் பின்பக்கமும் விழுந்திருந்தது. இரண்டாம் மாடி பல்கனி. கதிரையில், கிழக்குப் பார்த்து, கைகட்டியபடி தலைவர் கிருஷ்ணராஜ். சுபாஷினி தேசிக்காயில் கற்பூரத்தைக் கொளுத்தி அவர் தலையை மூன்று தரம் சுற்றுகிறார். முச்சந்திக்கு இறங்கிப் போவானேன் என்று எரிய எரியப் பல்கனிக்கு வெளியே வீசுகிறார். கண்ணூறு கழித்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. இருவரும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார்கள்.

கீழே புல் பற்றுகிறது. பழனியம்மா ஈரச் சாக்கோடு ஓடி வந்து அடி அடியென்று அடிக்கிறார். அணைந்ததும் மேலே ஒரு தரம் பார்த்துவிட்டுக் கச்சான் சட்டிக்குத் திரும்புகிறார்.

முந்தின வெள்ளியும் அச்சொட்டாக அதேதான்.

சுபாஷினி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“கமரா பூட்டின கோணம் பிழை,” என்றார் கிருஷ்ணராஜ்.

லுத்பியா கடிதத்தை நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டார்.

“ஏம்மா, இத முதல்லயே சொல்லியிருக்கலாமே? உங்கட பிழைப்பே போகப் பார்த்திச்சே.”

பழனியம்மா சுபாஷினியின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சுத்திப்போட்ட நெருப்பப் பாதியில அணைச்சா, கழிச்ச திஷ்டி திரும்பி வந்துரும்னு சொல்வாங்கம்மா. தெரிஞ்சா அந்த அம்மா பயந்துக்குவாங்க. அதான் வாயத் தொறக்கல. ஐயாவுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னு, வெள்ளிக்கு வெள்ளி அவரு பேருல கோயில்ல ஒரு வெளக்கு வெச்சிட்டுத்தாம்மா நான் வீட்டுக்கே போவேன்.”