ஐந்தாம் தாள்: வலி

ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என நான்கிலும் நர்ஸ் மெர்சி புளோராவுக்கு முழு மதிப்பெண். லண்டன் வேலை கிடைக்காமல் நின்றது புதிதாகச் சேர்த்த ஐந்தாம் தாளால்தான். இயந்திரத்துக்குள் விரலை விட வேண்டும். ஊசி எப்போது குத்தும் என்று தெரியாது. குத்தியதும் வாயில் வருவது ஆங்கிலமாக இருக்க வேண்டும்.

அவள் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும், கணவன் செல்வின் ஊசியோடு பின்னால் வந்து குத்திக் குத்தி மூன்று மாதம் பழக்கியிருந்தான். வீட்டில் "அவுச்" தவறாமல் வந்தது.

பாளையங்கோட்டைத் தேர்வு மையத்தில் நான்காவது முறையாக ஊசி இறங்கியது.

"ஐயோ!"

இயந்திரத்தின் திரை சிவந்தது. அதிகாரி அனுதாபமாகச் சிரித்தார்.

"ஒரே ஒரு 'அவுச்' வரமாட்டேங்குதே மேடம்! நீங்க 'ஐயோ'ன்னா அங்க யாருக்குப் புரியும்?"

விரலில் துளிர்த்த ரத்தத்தை மெர்சி அவருடைய படிவத்திலேயே துடைத்தாள்.

"பதினாலு வருஷமா தீக்காய வார்டுல நிக்கேன் சார். பீகார்க்காரன், வங்காளி, ஒருக்கா ஒரு வெள்ளைக்காரன், எல்லாவனும் என் கையப் பிடிச்சுக் கத்தியிருக்கான். ஒனக்குச் சரியா கத்தத் தெரியலன்னு ஒருத்தனையும் நான் திருப்பி அனுப்புனதில்ல."